ஒற்றை விளக்கையும் கணக்கில் பிடிக்கும் மீட்டர் எது? 1890-களின் வீட்டு மின்மீட்டர்கள்: ஓர் ஒப்பீடு

வீடுகளுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கிய முதல் பத்தாண்டுகளில், மின்னாக்கியைத் தேர்ந்தெடுப்பதைவிட மீட்டரைத் தேர்ந்தெடுப்பதே வழங்கல் நிறுவனங்களுக்குக் கூடுதல் தலைவலியாக இருந்தது. மின்னாக்கிகள் சிலவே, அவை நிறுவனத்தின் கூரைக்குக் கீழே, பயிற்சி பெற்ற ஆட்களின் கண்காணிப்பில் ஓடின. மீட்டரோ நூற்றுக்கணக்கான வீடுகளின் நிலவறைகளிலும் நடைகளிலும், தூசியிலும் குளிரிலும், கவனிப்பார் யாருமின்றி மாதக்கணக்கில் பிழையின்றி ஓட வேண்டும். அது காட்டும் அளவை வைத்து ஒருவர் பணம் கேட்க வேண்டும், இன்னொருவர் அதை நம்பிக் கொடுக்க வேண்டும். 1892 வாக்கில் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்த ஒரு பொறியாளரின் மேசையில் ஐந்தாறு வழிகள் இருந்தன. அவற்றை அன்றைய நிலைமைகளின்படி சீர்தூக்கி, எத்தகைய வழங்கலுக்கு எது பொருந்தியிருக்கும் என்று சொல்வதே இங்கு நோக்கம்.

இத்தகைய ஒப்பீடுகள் வழக்கமாக முழுப் பளுவில், அதாவது எல்லா விளக்குகளும் சேர்ந்து எரியும்போது, மீட்டர் எத்தனை சதவீதம் பிழை காட்டுகிறது என்பதில் தொடங்கும். வீட்டு மீட்டரைப் பொறுத்தவரை அது சரியான தொடக்கமன்று என்பது என் கருத்து. இருபது விளக்குகள் பொருத்திய ஒரு வீட்டில் இருபதும் சேர்ந்து எரிவது விருந்து நாளில் மட்டுமே. மற்ற நாட்களில் மாலையில் நான்கைந்து எரியும். எல்லோரும் உறங்கிய பிறகு மாடிப்படியில் ஒன்று மட்டும் விடிய விடிய எரியும். அந்த ஒற்றை விளக்கின் நீண்ட மணி நேரங்களை மீட்டர் கணக்கில் எடுக்கிறதா, அல்லது அசையாமல் நின்றுவிடுகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பணம் கட்டுபவரே பார்த்துப் படிக்கக்கூடியதாக அது இருக்கிறதா என்பது அடுத்தது. துல்லியம், விலை, ஆயுள் ஆகியவற்றை இவ்விரண்டுக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு எதை அளப்பது என்ற கேள்வியும் உண்டு. இன்று நாம் யூனிட் என்று சொல்லும் கிலோவாட்-மணி, மின்னோட்டம், மின்னழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்த அளவு. தொடக்ககால மீட்டர்கள் பலவும் மின்னழுத்தம் மாறாமல் இருப்பதாகக் கொண்டு, மின்னோட்டத்தையும் நேரத்தையும் மட்டும் பெருக்கி ஆம்பியர்-மணியைக் காட்டின. மின் நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. 110 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 100 வோல்ட் மட்டுமே வந்து சேரும் கடைக்கோடி வீட்டை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அங்கே விளக்கின் மின்னோட்டம் ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். உண்மையில் பெறும் ஆற்றலோ 17 சதவீதம் குறைந்துவிடும். கரி இழை விளக்கு மின்னழுத்தக் குறைவை மிகக் கடுமையாக உணரக்கூடியது என்பதால், ஒளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மங்கிவிடும். ஆம்பியர்-மணி மீட்டர் 9 சதவீதத்தை மட்டும் கழித்துக்கொண்டு கட்டணம் கேட்கும். கம்பியில் நிறுவனம் இழந்த மின்னழுத்தத்துக்கும் வாடிக்கையாளரே விலை கொடுக்கிறார் என்பதே இதன் பொருள்.

மீட்டர் இல்லாமல் விற்பது

மீட்டரே வேண்டாம் என்பதும் அன்று ஒரு வழியாக இருந்தது. விளக்கு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொள்வது அந்த முறை. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1886 நவம்பரில் பஃபலோ நகரில் மாறு மின்னோட்ட (திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்ட) வழங்கலைத் தொடங்கியபோது, மாறு மின்னோட்டத்தை அளக்கக்கூடிய, விற்பனைக்குத் தகுந்த மீட்டர் எதுவும் அதன் கையில் இல்லை. மாதக் கட்டணம் என்றால் விளக்கை அணைக்க வேண்டிய தேவை யாருக்கும் வராது. பகலிலும் விளக்குகள் எரிந்தன, நிலக்கரிச் செலவு ஏறியது. நேர் மின்னோட்டத்தை (எப்போதும் ஒரே திசையில் பாய்வதை) விற்ற எடிசன் தரப்புடன் நடந்த போட்டியில் வெஸ்டிங்ஹவுஸுக்கு இருந்த குறைகளில் இது முக்கியமானது. எனினும் இந்த வழியை முற்றாகத் தள்ளிவிட முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

எடிசனின் வேதி மீட்டர்

நியூயார்க்கில் 1882 செப்டம்பர் 4 அன்று பேர்ல் தெரு நிலையம் இயங்கத் தொடங்கியபோது, எடிசன் தம் மீட்டருக்கு ஏற்கெனவே காப்புரிமை பெற்றிருந்தார். எரிவாயுவுக்கு மீட்டர் பார்த்துப் பணம் கட்டிப் பழகிய மக்களிடம் மின்சாரத்தை விற்பதென்றால் அதற்கும் மீட்டர் வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால் அவர் வடிவமைத்த கருவியில் முள்ளும் இல்லை, முகப்பும் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடிக் குடுவையில் துத்தநாக சல்பேட் கரைசல், அதில் தொங்கும் இரண்டு துத்தநாகத் தகடுகள், அவ்வளவே. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி ஜெர்மன் சில்வர் உலோகப் பட்டை ஒன்றின் வழியே போய்விடும். மிகச் சிறிய, அளவு தெரிந்த ஒரு பங்கு மட்டும் குடுவை வழியே செல்லும். அந்தப் பங்கு பாயும்போது ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றத் தகட்டில் படியும். ஃபாரடே 1830-களில் கண்டறிந்த மின்னாற்பகுப்பு விதிப்படி, எடை மாற்றம் பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை நிறுவனத்தின் ஆள் வந்து தகடுகளை எடுத்துக்கொண்டு புதியவற்றை மாட்டிவிட்டுப் போவார்; பழையவை நிலையத்தில் கழுவி உலர்த்தி எடைபோடப்படும்.

இதில் எவ்வளவு நுணுக்கம் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் ஆம்பியர்-மணி மின்னூட்டம் 1.22 கிராம் துத்தநாகத்தைக் கரைக்கும். பதினாறு மெழுகுவர்த்தி ஒளியுள்ள விளக்கு ஒன்று முக்கால் ஆம்பியர் எடுக்கிறது என்றும், குடுவைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்கு போகிறது என்றும் கொள்வோம். அந்த விளக்கு நூறு மணி நேரம் எரிந்தால் குடுவையில் கரையும் துத்தநாகம் ஏறத்தாழ 92 மில்லிகிராம். தராசில் ஒரு மில்லிகிராம் பிசகினால் பில்லில் ஒரு சதவீதம் பிசகும். தகட்டைக் கழுவும்போது ஒரு துகள் உதிர்ந்தாலும், சரியாக உலராமல் ஈரம் தங்கினாலும் அதே விளைவுதான். தகடுகளின் மேல் பாதரசம் பூசியதும், ஒரே மீட்டருக்குள் இரண்டு குடுவைகளை வைத்து ஒன்றை மாதந்தோறும் மற்றொன்றைக் காலாண்டுக்கு ஒருமுறையும் எடைபோட்டுச் சரிபார்த்ததும் இந்த அச்சத்தால்தான்.

வெப்பநிலையும் தொல்லை கொடுத்தது. கரைசல் சூடேறினால் அதன் மின்தடை குறையும். ஆகவே வெப்பம் ஏறினால் மின்தடை கூடும் செப்புக் கம்பிச் சுருளைத் தொடரில் இணைத்து இரண்டையும் ஈடுகட்டினார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாதிருக்க, வெப்பநிலை குறையும்போது இரு உலோகப் பட்டை வளைந்து மீட்டர் பெட்டிக்குள் ஒரு விளக்கை ஏற்றும்படி செய்தார்கள். முதல் குளிர் இரவில் மீட்டருக்குள் வெளிச்சத்தைக் கண்டு, உள்ளே தீப்பிடித்துவிட்டது என்று பயந்த வாடிக்கையாளர்கள் நிலையத்தை அழைத்த கதையை எடிசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது வீட்டுக்காரருக்கு எவ்வளவு புரியாமல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

நமது முதல் கேள்விக்கு வேதி மீட்டர் தரும் விடை மிகச் சிறந்தது. உராய்வு என்பதே இல்லாததால் ஒரு விளக்கு எரிந்தாலும் துத்தநாகம் கரையும். இருபது எரிந்தாலும் அதே விகிதத்தில் கரையும். பின்னர் வந்த சுழலும் மீட்டர்கள் பலவற்றுக்கு இந்த நேர்மை வாய்க்கவில்லை. இரண்டாவது கேள்வியில் அது அடியோடு தோற்கிறது. நிறுவனம் தன் அறையில், தன் தராசில், தன் ஆளைக்கொண்டு எடைபோட்டுச் சொல்வதை வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இராது. மின்னோட்டம் திசை மாறிக்கொண்டே இருந்தால் ஓர் அரைச் சுற்றில் கரைந்தது மறு அரைச் சுற்றில் படிந்துவிடும் என்பதால் மாறு மின்னோட்டத்துக்கு இது பயன்படாது. வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடக்கூட எடைபோடும் கூலியும் அதே அளவில் கூடும் என்பது மற்றொன்று. இயந்திர மீட்டரில் ஆள் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவதோடு வேலை முடிந்துவிடும்.

ஆரோனின் ஊசல் மீட்டர்

பெர்லினில் ஹெர்மன் ஆரோன் 1880-களின் நடுப்பகுதியில் கொண்டுவந்த மீட்டர் வேறு வழியில் சென்றது. கடிகாரம் மிகத் துல்லியமாக ஓடும் இயந்திரம். மின்னோட்டத்தால் அதன் ஓட்டத்தைச் சற்றே கலைக்க முடிந்தால், கலைந்த அளவே மின் நுகர்வின் அளவாகும் என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தில் அயர்ட்டனும் பெர்ரியும் சற்று முன்னதாகவே இந்தக் கருத்தை முன்வைத்திருந்தனர். அதை விற்பனைக்குரிய கருவியாக்கியவர் ஆரோன். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஊசல் கடிகாரங்கள் இருக்கும். தொடக்க வடிவத்தில் ஓர் ஊசலின் அடியில் மட்டும் காந்தம் பொருத்தி, அதன் கீழே மின்னோட்டச் சுருளை வைத்தார். பின்னர் வந்த வாட்-மணி வடிவத்தில் ஊசல்களின் நுனியில் காந்தத்துக்குப் பதிலாக மின்னழுத்தத்தோடு இணைந்த மெல்லிய கம்பிச் சுருள்கள் இருந்தன. வீட்டில் மின்சாரம் செலவாகும்போது ஓர் ஊசல் விரையும், மற்றது தயங்கும். இரண்டு கடிகாரங்களின் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒரு வேறுபாட்டுப் பல்லிணை எடுத்து முகப்பு முட்களுக்குக் கொண்டு செல்லும்.

இதன் அழகு, மிகச் சிறிய பளுவிலும் மீட்டர் நின்றுவிடாது என்பது. கடிகாரம் தன் சொந்த ஆற்றலில் ஓடிக்கொண்டேயிருப்பதால், மின்னோட்டம் எந்த உராய்வையும் வெல்ல வேண்டியதில்லை. ஊசலின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். முகப்பு இருப்பதால் வீட்டுக்காரர் தாமே படிக்கலாம். நேர் மின்னோட்டம், மாறு மின்னோட்டம் ஆகிய இரண்டுக்கும் வாட்-மணி வடிவம் பொருந்தும். ஆக, கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் இது ‘ஆம்’ என்றே விடை சொல்கிறது.

அப்படியிருந்தும் எல்லா வீட்டுக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டு கடிகாரங்களும் மின்னோட்டம் இல்லாதபோது துல்லியமாக ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இல்லையேல், யாரும் விளக்கேற்றாத வீட்டிலும் முள் முன்னோக்கியோ பின்னோக்கியோ நகரும். ஒரு கடிகாரம் தூசியால் நின்றுவிட்டால் நிலைமை விபரீதமாகும்: மற்றக் கடிகாரத்தின் முழு ஓட்டமும் வேறுபாடாகப் பதிவாகிவிடும். தொடக்ககால மீட்டர்களுக்குத் தவறாமல் சாவி கொடுக்கவும் வேண்டும். ஆரோன் இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். குட்டையான ஊசல்கள், மின்சாரத்தாலேயே சாவி ஏறும் அமைப்பு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரு ஊசல்களின் பங்கும் தலைகீழாக மாறி இயல்பான வேறுபாடு தானே கழிந்துபோகும்படியான அமைப்பு ஆகியவை பின்னர் வந்தன. இந்தப் பத்து நிமிட மாற்றம் அந்தக் காலத்து மீட்டர்த் தொழிலில் நான் மிகவும் வியக்கும் நுட்பம். ஆனால் ஒவ்வொரு தீர்வும் பெட்டிக்குள் இன்னும் சில சக்கரங்களைச் சேர்த்தது. விலையும் அதற்கேற்ப ஏறியது. இரண்டு நல்ல கடிகாரங்களை வாங்கி ஒவ்வொரு வீட்டிலும் மாட்டுவதற்கு ஒப்பான செலவு அது. ஒரு பெரிய விடுதிக்கோ நாடக அரங்குக்கோ, மாதக் கட்டணம் பெருந்தொகையாக வரும் இடங்களில், ஆரோன் மீட்டரை விஞ்ச வேறில்லை. பத்து விளக்கு வீட்டுக்கு அது மிகை.

வர்க்க விதியின் சிக்கல்: ஃபெர்ரான்டியும் ஷாலன்பெர்கரும்

இங்கிலாந்தில் செபாஸ்டியன் த ஃபெர்ரான்டி உருவாக்கிய பாதரச மீட்டரில், காந்தப்புலத்தில் வைத்த பாதரசத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து அதைச் சுழல வைக்கும். சுழலும் பாதரசம் ஒரு சிறு விசிறியைத் திருப்பி எண்ணியை ஓட்டும். நேர் மின்னோட்டத்துக்கு உரிய, எளிமையான அமைப்பு. அதைவிட விரிவாகப் பேச வேண்டியது, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த ஷாலன்பெர்கர் மீட்டர். இரண்டுக்கும் உள்ள பொதுக் குறை ஒன்றே என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆலிவர் ஷாலன்பெர்கர் 1888-இல் மாறு மின்னோட்ட வில்விளக்கு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கழன்று விழுந்த சிறிய சுருள்வில் ஒன்று காந்தச் சுருளின் அருகே தானாகச் சுழல்வதைக் கவனித்தார். மாறு மின்னோட்டம் உண்டாக்கும் சுழல் காந்தப்புலத்தின் வேலை அது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் இத்தாலியின் தூரின் நகரில் கலிலியோ ஃபெர்ராரிஸ் சுழல் காந்தப்புலம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டிருந்தார். சுருள்வில்லைக் கண்ட சில வாரங்களிலேயே ஷாலன்பெர்கர் தம் மீட்டரை வடிவமைத்துவிட்டார். கம்யூட்டேட்டர் (சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைத் திசை மாற்றித் தரும் உலோகத் துண்டுகள்) இல்லை, பிரஷ் (அவற்றை உரசி நிற்கும் தொடுமுனை) இல்லை. சுழலும் வட்டுக்கு எந்த மின் இணைப்பும் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்த அச்சில் சில காற்றுத் துடுப்புகள் மட்டும் இருந்தன. மாதக் கட்டண முறையால் தவித்துக்கொண்டிருந்த மாறு மின்னோட்ட நிறுவனங்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டன.

இனிக் குறைக்கு வருவோம். இந்த மீட்டரில் திருப்புவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டும் சமமாகும்போது வேகம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமாகிவிடுகிறது. காகிதத்தில் இது நேர்த்தியான தீர்வு. ஃபெர்ரான்டியின் தொடக்க மீட்டரிலும் பாதரசத்தின் உராய்வை வைத்து இதே சமன்பாட்டைத்தான் எட்டினார்கள். ஆனால் இருபது விளக்குக்கான மீட்டரில் ஒரு விளக்கு மட்டும் எரியும்போது மின்னோட்டம் இருபதில் ஒரு பங்கு. திருப்புவிசையோ நானூறில் ஒரு பங்கு. அச்சின் தாங்கியிலும் எண்ணியின் பற்சக்கரங்களிலும் உள்ள உராய்வு பளுவோடு சேர்ந்து குறைவதில்லை. ஆகவே திருப்புவிசை நானூறில் ஒன்றாகச் சுருங்கும்போது, அந்தச் சிறு உராய்வே போதும், மீட்டர் அசையாமல் நின்றுவிடும். மாடிப்படி விளக்கு விடிய விடிய இலவசமாக எரியும்.

வீட்டுக்காரருக்கு இது வருத்தம் தரும் செய்தியன்று. மீட்டர் தம்மை ஏமாற்றுகிறது என்று அவர் ஐயுறும் காலத்தில், உண்மையில் ஏமாந்துகொண்டிருந்தது நிறுவனம். அந்த இழப்பை நிறுவனம் எப்படியும் யூனிட் விலையை உயர்த்தி ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால், அதிக விளக்குகளை ஏற்றி மீட்டரை ஒழுங்காக ஓட வைப்பவர், ஒற்றை விளக்குக்காரரின் செலவையும் சேர்த்துச் சுமப்பார். மேலும் ஷாலன்பெர்கரின் மீட்டர் ஆம்பியர்-மணியைத்தான் அளந்தது. விளக்குகளுக்கு அது பரவாயில்லை. மோட்டார்கள் வந்ததும், வேலை செய்யாத மின்னோட்டமும் கணக்கில் ஏறும்; திறன் காரணி (எடுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) குறைந்த பளுவுக்கு வாடிக்கையாளர் கூடுதலாகக் கட்ட நேரும்.

தாம்ஸனின் மோட்டார் மீட்டர்

எலிஹு தாம்ஸன் 1889-இல் கொண்டுவந்த மீட்டர் ஒரு சிறிய, இரும்பே இல்லாத மோட்டார். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் நிலையான சுருள்களில் பாயும். மின்னழுத்தத்துக்கு ஏற்ற சிறு மின்னோட்டம் சுழலும் சுருளில் பாயும். இரண்டின் பெருக்கலே திருப்புவிசை என்பதால் அது நேரடியாக வாட் அளவைத் தருகிறது. அச்சின் அடியில் ஒரு செப்பு வட்டு நிலைக்காந்தங்களின் இடையே சுழலும்; வட்டில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் வேகத்துக்கு நேர்விகிதமான தடையை உண்டாக்கும். வர்க்க விதி இங்கு இல்லை. இருபதில் ஒரு விளக்கு எரிந்தால் திருப்புவிசையும் இருபதில் ஒரு பங்கு. ஷாலன்பெர்கர் மீட்டரில் கிடைப்பதைப் போல இருபது மடங்கு.

அதுவும் போதாதபோது, தாங்கியின் உராய்வை ஈடுகட்டுவதற்காக மின்னழுத்தச் சுற்றில் சிறிய துணைச் சுருள் ஒன்றைச் சேர்த்தார்கள். அது எப்போதும் வட்டை மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். சரியாக அமைத்தால் ஒற்றை விளக்குக்கும் மீட்டர் ஓடும். கொஞ்சம் மிகையாக அமைத்துவிட்டால், எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும்போதே மீட்டர் தானாக ஊர்ந்து எண்ணைக் கூட்டும். கதவு அதிரும் சுவரிலும் வண்டிகள் செல்லும் தெருவோரத்திலும் அதிர்வு உராய்வைத் தளர்த்துவதால் இந்த ஊர்தல் அதிகமாகும். மீட்டரைப் பொருத்துபவர் போவதற்கு முன் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வட்டின் விளிம்பில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

கம்யூட்டேட்டரும் பிரஷ்களும் இதன் பலவீனம். தூசி படிந்தால், கருத்தால், உராய்வு கூடும், மீட்டர் மெதுவாகும். நிலைக்காந்தம் நாளடைவில் வலு இழந்தாலோ, வீட்டில் ஏற்பட்ட குறுக்குச் சுற்றின் பெரும் மின்னோட்டம் அதைப் பாதித்தாலோ தடை குறைந்து மீட்டர் வேகமாக ஓடும். மேற்சொன்ன ஊர்தலைப் போலவே வாடிக்கையாளருக்கு எதிராகப் போகும் பிழை இது. ஆகவே எனக்கு முக்கியமானதும் இதுதான். மின்னழுத்தச் சுற்று நாள் முழுக்க இணைப்பில் இருப்பதால் அது தானும் கொஞ்சம் தின்னும்: மூன்று வாட் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 26 யூனிட். ஆயிரம் வீடுகள் என்றால் நிலையத்துக்கு அது சிறிய செலவன்று.

இவ்வளவு இருந்தும், நேர் மின்னோட்டத்திலும் மாறு மின்னோட்டத்திலும் ஒரே கருவி வேலை செய்தது என்பது அன்றைய சூழலில் பெரும் வலிமை. பாரிஸ் நகரம் நடத்திய மீட்டர் போட்டியில் தாம்ஸனும் ஆரோனும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நடுவர்களின் முடிவில் எனக்கு வியப்பில்லை: துல்லியம் ஒருவர் பக்கம், எளிமை மற்றவர் பக்கம்.

பிளாத்தியின் தூண்டல் மீட்டர்

புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் பணிபுரிந்த ஓட்டோ பிளாத்தி 1889-இல் காப்புரிமை பெற்ற மீட்டர் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு மின்காந்தம் வீட்டின் மின்னோட்டத்தாலும், மற்றொன்று மின்னழுத்தத்தாலும் இயங்கும். இரண்டும் சேர்ந்து உலோக வட்டில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் திருப்பும். நிலைக்காந்தம் தடையாக நிற்கும். தாம்ஸனின் வாட்-மணிக் கணக்கும், ஷாலன்பெர்கரின் தொடர்பில்லாச் சுழற்சியும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. பிரஷ் இல்லை, பாதரசம் இல்லை, தராசு இல்லை.

ஆனால் 1892-இல் அதை வாங்குபவர் பார்த்தது இந்தத் தத்துவத்தை அன்று. மரப் பலகையில் பொருத்திய, 23 கிலோ எடையுள்ள, நிமிடத்துக்கு 240 சுற்றுகள் சுழலும் ஒரு பெரிய கருவியை. அந்த வேகம் தாங்கிக்கு நல்லதன்று. அந்த எடை எல்லா வீட்டுச் சுவருக்கும் ஏற்றதன்று. மின்னழுத்தச் சுருளின் காந்தப்பாயம் மின்னழுத்தத்துக்குச் சரியாகக் கால் சுற்று பின்தங்கியிருந்தால்தான் மோட்டார்ப் பளுவில் கணக்கு சரியாக வரும். தொடக்ககாலக் கருவிகளில் அந்தப் பின்தங்கல் முழுமையாக அமையவில்லை. மின்னோட்டத்தின் அதிர்வெண் மாறினாலும் அளவு மாறும். நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு அதிர்வெண் இருந்த காலத்தில் இது சிறிய குறையன்று. இவை அனைத்தும் திருத்தக்கூடிய குறைகளே என்பதை மட்டும் அன்றைய வாங்குபவர் கவனித்திருக்க வேண்டும். கம்யூட்டேட்டரின் தேய்மானத்தைத் திருத்த முடியாது, எடையைக் குறைக்க முடியும். 1914-க்குள் அதே வகை மீட்டரின் எடை 2.6 கிலோவாகக் குறைந்துவிட்டது. ஷாலன்பெர்கரும் 1890-களின் நடுவில் ஆம்பியர்-மணியை விட்டு வாட்-மணித் தூண்டல் மீட்டருக்கு வந்தார்.

எதை வாங்குவது

மாறு மின்னோட்டம் என்று உறுதியாக முடிவெடுத்துவிட்ட நிறுவனத்துக்கு என் பரிந்துரை, எடையைப் பொறுத்துக்கொண்டு பிளாத்தியின் வழியில் செல்வது. விளக்குகள் மட்டுமே உள்ள, விரைவில் மோட்டார் வராது என்று தெரிந்த சிற்றூர்களில் ஷாலன்பெர்கர் மீட்டர் போதும் என்று வாதிடலாம். ஆனால் ஒற்றை விளக்கில் நின்றுபோகும் மீட்டரை நூற்றுக்கணக்கில் வாங்கி மாட்டிய பிறகு, அதை மாற்றும் நாள் வரும்போது வாடிக்கையாளரிடம் பில் ஏன் ஏறியது என்று விளக்குவது எளிதாக இராது. பழைய மீட்டர் குறைத்துக் காட்டியது என்பதை யாரும் நம்புவதில்லை. புதிய மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்றே சொல்வார்கள்.

நேர் மின்னோட்ட நிறுவனத்துக்கு முடிவு அவ்வளவு நேரானதன்று. வேதி மீட்டர்கள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் மாட்டப்பட்டிருந்து, எடைபோடும் அறையும் பழகிய ஆட்களும் இருக்குமானால், அவற்றை ஒரே நாளில் தூக்கி எறிவதற்கு அளவுத் துல்லியம் ஒரு காரணமாகாது. அந்த மீட்டர்கள் பெரும்பாலும் சரியாகவே அளந்தன. தூக்கி எறிவதற்கான உண்மையான காரணம் வாடிக்கையாளரின் நம்பிக்கை. ஆகவே புதிய இணைப்புகளுக்கும், பில் குறித்துத் தகராறு எழுந்த வீடுகளுக்கும் முதலில் தாம்ஸன் மீட்டரை வைத்து, மற்றவற்றைப் படிப்படியாக மாற்றுவது சரியான போக்கு. பெரிய நுகர்வோருக்கு மட்டும் ஆரோன். தாம்ஸனை வாங்கினால் அதோடு ஆண்டுக்கு ஒருமுறை கம்யூட்டேட்டரைத் துடைத்து, காந்தத்தின் வலுவைச் சோதிக்கும் செலவையும் சேர்த்தே விலையாகக் கருத வேண்டும்; இதை விட்டுவிட்டு வாங்கிய விலையை மட்டும் ஒப்பிடுவது வீண்.

நேரா மாறா என்று இன்னும் முடிவாகாத நிறுவனமும் உண்டு. 1892-இல் அப்படித் தயங்கியவை சிலவல்ல. அங்கே வேறு கேள்விக்கே இடமில்லை. இரண்டிலும் ஓடும் கருவிகளுள், வீட்டுக்குத் தாங்கும் விலையில் உள்ளது தாம்ஸன் மட்டும்.

இனி, முன்பு ஒதுக்கி வைத்த வழி. ஒன்றோ இரண்டோ விளக்குகள் மட்டும் வைத்திருக்கும் சிறு வீடுகளில், மீட்டரின் விலைக்கான வட்டியும், அது தானே தின்னும் மின்சாரமும், மாதந்தோறும் படிக்க வரும் ஆளின் கூலியும் சேர்ந்தால், அந்த வீடு தரக்கூடிய வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். அங்கே எந்த மீட்டரையும் பொருத்தாமல், பேசிய எண்ணிக்கைக்கு மேல் விளக்கேற்றினால் இணைப்பு விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும்படி மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் எளிய கருவி ஒன்றை மட்டும் வைத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வதே இரு தரப்புக்கும் மலிவு. ஒரு விளக்கு பகலிலும் எரிந்துவிட்டுப் போவதால் ஏற்படும் நிலக்கரி இழப்பு, அந்த வீட்டில் ஒரு மீட்டரை மாட்டிப் பராமரிக்கும் செலவைவிடக் குறைவு; வீட்டில் மூன்றாவது, நான்காவது விளக்கு வரும்போது கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.